ஆழாக்கும் தராசும்

மும்பைத் துறைமுகத்தை அடுத்த மஜ்காவ் பகுதியில் ‘கன் பவுடர் ரோடு’ என்றொரு சாலை உண்டு. வெடிமருந்துச் சாலை என்று தமிழில் சொல்லலாம். அந்தப் பெயரைக் கேட்போருக்குப் பீரங்கியும் கோட்டை கொத்தளமும் மனக்கண்ணில் தோன்றக்கூடும். எங்கள் குடும்பத்தாருக்குத் தோன்றுவதோ சாம்பார்ப் பொடி. அதனோடு ஒரு பித்தளை ஆழாக்கு. அதனோடு, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவரின் முகம்.

வெடிமருந்துக்கும் சாம்பார்ப் பொடிக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியப்படையலாம். இரண்டும் தூள் என்பதே உறவு. தூளை முகந்தும் அளக்கலாம், நிறுத்தும் அளக்கலாம். முகந்த அளவும் நிறுத்த எடையும் என்றும் மாறாமல் ஒத்திருக்கும் என்று எண்ணிவிட்டால் இரண்டிலும் தவறு நேரும். அந்தத் தவறு எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகள் குடியிருந்தது. அது வெளிப்பட்ட கதையையே இங்கே எழுத முற்படுகிறோம்.

அக்கா, அண்ணன், இளையவன் என நாங்கள் மூவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எங்கள் அப்பா, பரேலில் ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டியவர். 1982ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அவர்களுள் மீண்டும் தறியைத் தொடாமலே போனவர் பலர். அப்பாவும் அவர்களுள் ஒருவர். பின்னர் ஒரு கட்டடத்தில் இரவுக் காவலாளியாக அமர்ந்தார். தாராவியில் ஓர் அறை, ஒரு பரண், தெருக்குழாயில் தண்ணீர். அப்பாவின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அம்மாதான் வழி தேடினாள்.

1986ஆம் ஆண்டு அம்மா பொடி வியாபாரம் தொடங்கினாள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, மல்லித்தூள். மிளகாயையும் மல்லியையும் வறுத்து, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த மாவு மில்லில் அரைத்து, பொட்டலம் கட்டி, ஒரு துணிப்பையில் அடுக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடப்பாள். கோவிலைச் சுற்றியும் ரயில் நிலையத்தை ஒட்டியும் இருந்த தமிழ்க் குடும்பங்களில் இருபத்திரண்டு வீடுகள் அவளுக்கு வாடிக்கையாயின. ஒவ்வொரு வீட்டிலும் மாதம் ஏறக்குறைய நானூறு கிராம் வாங்குவார்கள்.

அளப்பதற்கு அம்மாவிடம் தராசு இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது நம்மவர் அறிந்ததே. நெல்லுக்கும் அரிசிக்கும் பிறந்த அளவு அது. மெட்ரிக் முறை நாடெங்கும் கட்டாயமான 1960களின் தொடக்கத்திலேயே படியும் ஆழாக்கும் வணிகத்தில் சட்டப்படி செல்லாதவை ஆகிவிட்டன என்பது அம்மாவுக்குத் தெரியாது. மாட்டுங்கா வீடுகளில் ‘இருநூறு கிராம் கொடுங்கள்’ என்றே கேட்டார்கள். ஆகவே தொழில் தொடங்கிய முதல் வாரம் அவள் ஒரு மளிகைக் கடைக்குச் சென்று, ஆழாக்கில் பொடியை நிரப்பி, மூன்று முறை தட்டி, விரலால் தலைவழித்து, நிறுக்கச் சொன்னாள். நூறு கிராம் எடைக்கல்லுக்குத் தட்டு நேராக நின்றது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஓர் ஆழாக்கு என்றால் நூறு கிராம். அதில் ஐயம் எழ எட்டு ஆண்டுகள் ஆயின.

1994ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். மாட்டுங்காவில் ஒரு வீட்டு மாமி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றவர், சற்று நேரம் கழித்து வெளியே வந்தார். கோபமில்லை, குரலும் உயரவில்லை. “இருநூறுன்னு கொடுக்கறேள், என் தராசிலே நூற்றெழுபதுதான் இருக்கு. போன மாசமும் அப்படித்தான் இருந்தது. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன்” என்றார்.

அம்மா என்ன மறுமொழி சொன்னாள் என்று அக்காவுக்கு இன்றும் நினைவில்லை. வீடு வரும் வரை இருவரும் பேசவில்லையாம். அன்று இரவு அம்மா ஆழாக்கை எடுத்து உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினாள். அடியில் நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். நசுங்கவில்லை. “என் கையால் ஒரு சிட்டிகை குறைத்ததில்லையே” என்று இரண்டு முறை சொன்னாள். அடுத்த வாரம் அதே கட்டடத்தில் மூன்று வீட்டார் பொடி வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை.

எங்கள் அறைக்கு எதிர்வரிசையில் மகள் வீட்டில் தங்கியிருந்தார், நாங்கள் தாத்தா என்றழைத்த அந்த முதியவர். வேலூர்ப் பக்கத்தவர். பூனா அருகே கட்கியில் 1869ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். கடைசிப் பல ஆண்டுகள் சோதனைப் பிரிவில் இருந்தவர். (அத்தொழிற்சாலை 2021ஆம் ஆண்டு முதல், நம் நீலகிரி அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலையைப் போலவே, மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்கிவருகிறது.) அம்மாவின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டார். கேட்டவர் சிரிக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. “ஆழாக்கைக் கொண்டு வா, தாயீ” என்றார்.

அவர் அன்று எங்களுக்குச் சொன்னவை ஒரு பாடமாகவே அமைந்தன.

பழங்காலக் கரும்பொடி வெடிமருந்தைக் கொம்பிலும் குடுவையிலும் முகந்து அளந்தார்கள். சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் துப்பாக்கி பொறுத்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா வெடிமருந்து வந்தது. அதன் ஆற்றல் மிகுதி. ஆகவே பொறுமை குறைவு. ஒரு தோட்டாவில் மருந்து கூடினால் குழலுக்குள் அழுத்தம் எல்லை மீறும், சுடுபவனுக்கே ஆபத்து. குறைந்தால் குறி தாழும். பாயிண்ட் 303 துப்பாக்கித் தோட்டாவுக்குக் கார்டைட் மருந்து ஏறக்குறைய முப்பது கிரெயின், அதாவது இரண்டு கிராம் அளவே. கிரெயின் என்பது ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. நம் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. 1835ஆம் ஆண்டு முதல் இந்திய ரூபாய் நாணயத்தின் எடை 180 கிரெயின். அதுவே ஒரு தோலா. நம் பாட்டிமார் தங்கம் வாங்கிய தோலாவும் சிப்பாய் சுட்ட தோட்டாவும் ஒரே அளவு முறையில் நின்றன என்பதைத் தாத்தா சொன்னபோது எங்களுக்கு வியப்பாயிருந்தது.

ஆனால் மணிக்கு ஆயிரக்கணக்கில் தோட்டா நிரப்ப வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றையும் நிறுத்துக்கொண்டிருக்க இயலாது. ஆகவே குறுணையாக உள்ள மருந்தைப் பொறி, ஆழாக்கைப் போலவே, ஒரு குழியால் முகந்து போடும். வேண்டியது எடை, செய்வது முகத்தல். இங்கேதான் இடர்ப்பாடு. மேலே உள்ள கலத்தில் மருந்து நிறைந்திருக்கும்போது குழியில் இறுகி விழும்; குறைந்திருக்கும்போது தளர்ந்து விழும். பொறி அதிர்ந்தால் ஓர் எடை. அதிராவிட்டால் ஓர் எடை. காற்றின் ஈரம் மாறினாலும் எடை மாறும். ஆதலால் முகக்கும் பொறியை அவ்வப்போது தராசைக் கொண்டு சோதிப்பார்கள். உலகெங்கும், குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காகத் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ள உரிமம் பெற்றவர்கள் செய்வதும் இதுவே.

“பத்து முறை முகந்து போடு. பத்தையும் தனித்தனியே நிறு. பிறகு இரண்டு கேள்வி கேள். பத்தும் தமக்குள் ஒத்திருக்கின்றனவா? இது முதல் கேள்வி. ஒத்திருக்கிற அந்த எடை, இருக்க வேண்டிய எடைதானா? இது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் பலர் எழுந்து போய்விடுவார்கள்” என்றார் தாத்தா.

எங்கள் தெருமுனையில் ஒரு நகைத்தொழிலாளர் இருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் தராசு இருந்தது. மூச்சுக்காற்றும் தட்டை அசைக்கும் என்பதால் அந்தப் பெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வேலை ஓய்ந்த நேரத்தில் எங்களை அமரச் செய்தார். மின்விசிறியை நிறுத்தினார். தாத்தா உடனே நிறுக்கவில்லை. முதலில் வெறுந்தட்டுகள் சமமாய் நிற்கின்றனவா என்று பார்த்தார். பிறகு எடைக்கற்களில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இரு தட்டுகளிலும் சமமான எடையை வைத்து, இடம் மாற்றி வைத்து, முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். “தராசையே நம்பாமல் நிறுக்கிறீர்களே” என்று நகைத்தொழிலாளர் சிரித்தார். “நம்பத்தான் பார்க்கிறேன்” என்றார் தாத்தா.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோரைத் துலாக்கோலுக்கு உவமித்ததை நாங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தோம். தான் முதலில் சமனாக நின்று, அதன் பிறகே பிறிதொன்றன் பாரத்தைச் சொல்வது கோலின் இயல்பு என்று ஆசிரியர் பொருள் கூறியிருந்தார். அந்த ‘முதலில்’ எவ்வளவு பெரிய சொல் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

முதலில், அன்று காலை மில்லிலிருந்து வந்த புதுப் பொடியை அக்கா ஆழாக்கில் நிரப்பினாள், தட்டவில்லை. பத்து முறை நிறுத்ததில் குறைந்தது 81 கிராம், கூடியது 88. பெரும்பாலும் 84ஐ ஒட்டி நின்றது. இரண்டு ஆழாக்குக்கு 168. மாமி சொன்ன நூற்றெழுபதுக்கு ஏறத்தாழச் சரி. அம்மாவின் முகம் கறுத்தது.

“இப்போது பழைய முறைப்படி செய்” என்றார் தாத்தா. இரவெல்லாம் தாம்பாளத்தில் ஆறி அடங்கிய முந்தைய நாள் பொடியை அம்மா தன் கையால் நிரப்பினாள், மூன்று முறை தட்டினாள், தலைவழித்தாள். பத்து முறையும் 95க்கும் 97க்கும் இடையிலேயே நின்றது.

காரணம் விளங்கிற்று. அரைத்தவுடன் சூடாயிருக்கும் பொடியில் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருக்கும். கலம் நிறையும், எடை நிறையாது. முன்பெல்லாம் அம்மா இரவு அரைத்து, காலையில் கட்டுவாள். தீபாவளி நெருங்கிய அந்த இரண்டு மாதம் வேலை மிகுந்ததால் அரைத்த கையோடு கட்டும் வேலையை எங்களிடம் விட்டிருந்தாள். நாங்கள் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் தட்டாமலே கட்டினோம். குற்றம் ஆழாக்கிலும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. எங்கள் அவசரத்தில் இருந்தது. நாங்கள் தலைகுனிந்தோம், ஆனால் அம்மாவின் பேரில் பழி நீங்கியதே என்று உள்ளூர மகிழ்ந்தோம்.

அப்போது அக்கா நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி கேட்டாள்: “அம்மா தட்டி அளந்தாலும் 96தானே வருகிறது? நூறு எங்கே?”

எவரும் பேசவில்லை. தாத்தாவின் முதல் கேள்விக்கு விடை கிடைத்திருந்தது: அம்மாவின் கை பத்து முறையும் ஒத்திருந்தது. நாங்கள் எழுந்துபோக இருந்தோம். இரண்டாவது கேள்வியை அக்காதான் கேட்டாள்.

அன்று மாலையே அனைவரும் அந்த மளிகைக் கடைக்குச் சென்றோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆழாக்கை நிறுத்த அதே தராசு, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெறுந்தட்டுகள் சமமாகவே நின்றன. ஆழாக்குப் பொடியை வலத்தட்டிலும் நூறு கிராம் கல்லை இடத்தட்டிலும் வைத்தபோதும் கோல் நேராக நின்றது. “இடம் மாற்றுங்கள்” என்றார் தாத்தா. பொடியை இடத்துக்கும் கல்லை வலத்துக்கும் மாற்றியதும் பொடித் தட்டு மேலே எழுந்து நின்றது. கோலின் இரு கைகளும் சம நீளமில்லை. வெறுந்தட்டில் அது தெரியாது. பாரம் ஏறும்போதுதான் தெரியும். தந்தையார் காலத்துத் தராசு என்றார் கடைக்காரர். அவர் அறிந்து வைத்திருந்தாரா, அறியாமல் வைத்திருந்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வாரம் அங்கே வேறு தராசு தொங்கியது.

ஆக, எட்டு ஆண்டுகள் அம்மா ஒரே சீராக, ஒரு சிட்டிகை பிசகாமல், நூற்றுக்கு நான்கு கிராம் குறைவாகவே கொடுத்துவந்திருக்கிறாள். அதே கடையில் நாங்கள் வாங்கிய மல்லியும் மிளகாயும் அதே குறைவோடுதான் எங்களுக்கு வந்திருக்கும். அண்ணன் அதை எடுத்துச் சொன்னான். “நமக்குக் குறைந்தது நம் கணக்கு. நாம் குறைத்தது அவர்கள் கணக்கு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதாதே” என்றாள் அம்மா.

அன்று இரவு விளக்கடியில் கணக்குப் போட்டோம். மாதம் நானூறு கிராம். குறைவு பதினாறு கிராம். எட்டு ஆண்டு என்பது தொண்ணூற்றாறு மாதம். வீட்டுக்கு 1,536 கிராம். இருபத்திரண்டு வீட்டுக்கு முப்பத்து மூன்று கிலோவுக்கு மேல். அன்றைய எங்கள் வாழ்க்கைக்கு அது சிறு தொகையன்று. பல மாத வாடகை. காவல் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, “யாரும் கேட்கவில்லையே” என்றார். பழித்துச் சொல்லவில்லை, வாடகையை எண்ணிச் சொன்னார்.

“கேட்டவர் ஒரு மாமி. மற்ற இருபத்தொரு வீட்டாரும் நிறுத்துப் பார்க்காமலே வாங்கினார்கள்” என்றாள் அம்மா.

அப்பா மேலும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு முதல் பகல் காவலுக்கும் போகத் தொடங்கினார்.

கணக்கை ஒரே தடவையில் தீர்க்க எங்களால் இயலவில்லை. மாதம் நூறு கிராம் அதிகமாக, பதினைந்து மாதம் கொடுப்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய முப்பத்தாறு கிராமைக் கடைசிப் பொட்டலத்தில் சேர்ப்பது. அதற்கு முன், கடன் வாங்கி ஒரு தராசும் முத்திரையிட்ட எடைக்கற்களும் வாங்கினோம். அவற்றையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு அம்மா வீடு வீடாகச் சென்றாள், நடந்ததைச் சொன்னாள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இரண்டு வீட்டில், இவ்வளவு நாள் ஏமாற்றினாயா என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவர்களுக்குரிய பொட்டலத்தையும் அம்மா பதினைந்து மாதம் வாயிற்காவலரிடம் கொடுத்துவந்தாள்.

முதலில் குறை சொன்ன மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போனார். தம் சமையலறைச் சுருள்வில் தராசைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். “உங்க கல்லை இதிலே வைச்சுக் காட்டுங்கோ” என்றார். இருநூறு கிராம் கல்லுக்கு அது 202 காட்டியது. “இதுவும் ரெண்டு கிராம் பொய் சொல்றது பாருங்கோ. நானும் பாக்காமத்தான் உங்களைச் சொல்லிட்டேன்” என்றார் மாமி. விலகிப்போன மூன்று வீட்டாரையும் அவரே திரும்ப அழைத்துவந்தார்.

இன்று எங்களில் ஒருவர் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணிபுரிவதால் கோட்டைப் பகுதிக்கு நாள்தோறும் செல்ல நேர்கிறது. ரிசர்வ் வங்கியின் எதிரே, 1820களில் கட்டப்பட்ட நாணயச் சாலை நிற்கிறது. அங்கே நாணயமும் பதக்கமும் மட்டும் செய்யப்படுவதாகவே பலர் எண்ணுகிறார்கள். நாட்டின் எடையளவுத் துறைகள் சோதனைக்கு வைத்திருக்கும் தரப்படி எடைகள் உருவாவதும் அங்கேதான். கடைக்காரரின் எடைக்கல்லை ஆய்வாளரின் செயல்முறைத் தர எடையோடு ஒப்பிடுவார்கள். அதனை இரண்டாம் நிலைத் தர எடையோடும், அதனை மேற்கோள் தர எடையோடும் ஒப்பிடுவார்கள். அதற்கும் மேலே, புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் தேசியக் கிலோகிராம். பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த அந்த உருளையின் எண் 57.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. 1889ஆம் ஆண்டு முதல் பாரிஸ் அருகே செவ்ரில் பூட்டிவைக்கப்பட்ட மூலக் கிலோகிராம் அது. உலகின் எடைகளுக்கெல்லாம் தலை. அதன் எடை ஒரு கிலோ என்பது சோதித்துக் கண்டதன்று, விதித்து வைத்தது. அதற்கு மேல் ஒப்பிட ஒன்றும் இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்து அதனையும் அதன் படிகளையும் ஒப்பிட்டபோது, அவற்றுக்கிடையே ஐம்பது மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு வளர்ந்திருந்தது. மாறியது தலையா, படிகளா என்று உறுதியாகக் கூற வழியில்லை. 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் முதல் கிலோகிராமை உலோக உருளையால் வரையறுப்பதை விடுத்து, இயற்கையின் மாறிலியான பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுத்தார்கள். செய்தித்தாளில் அதனைப் படித்தபோது எங்களுக்கு அந்த மளிகைக் கடைத் தராசுதான் நினைவுக்கு வந்தது.

நம் முன்னோரும் இதனை அறியாதவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கொடுத்த பொன்னின் அளவை மட்டும் சொல்லி நிற்பதில்லை. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் சொல்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்றும், மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்றும் பெயர். நெல் அளந்த மரக்காலும் ஆடவல்லானே. அளவைச் சொல்பவன் அளவுகோலையும் சொல்லவேண்டும் என்ற அந்த வழக்கம் ஆயிரம் ஆண்டு முதிர்ந்தது.

ஊரை விட்டு வந்த நாம் ஒவ்வொருவரும் ஊரிலிருந்து ஓர் ஆழாக்கைக் கொண்டுவந்திருக்கிறோம். நல்லது இது, தகாதது இது, இவ்வளவு போதும் என்று பிள்ளைகளுக்கு அதனால் அளந்து கொடுக்கிறோம். என்றும் மாறாமல் அளக்கிறோம் என்பதையே நேர்மை என்று எண்ணிக்கொள்கிறோம். அம்மாவின் கையும் மாறவில்லை. மாறாத கைதான் எட்டு ஆண்டுகள் குறைவாகக் கொடுத்தது. மாறாமையை நாமே சோதித்துக்கொள்ளலாம். சரியா என்பதற்கு வெளியிலிருந்து ஒரு கல் வேண்டியிருக்கிறது. பல வேளைகளில் அது நமக்கு உவப்பில்லாத ஒரு மாமியின் குரலாக வந்து சேர்கிறது.

பதினைந்தாவது மாதக் கடைசிப் பொட்டலம் 1996ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொடுக்கப்பட்டது. அதற்குள் நகரின் பெயர் பம்பாயிலிருந்து மும்பை ஆகியிருந்தது. தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பின்னர் நாங்கள் செம்பூருக்குக் குடிபெயர்ந்தோம். பொடி வியாபாரத்தை இப்போது அக்கா நடத்துகிறாள். மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை எடையளவுத் துறையில் கட்டணம் செலுத்தி முத்திரை பெறுகிறாள்.

எழுபதைக் கடந்த அம்மா பொடி கட்டும் வேலையை விட்டுவிட்டாள். ஆழாக்கு இப்போது உலை அரிசி அளக்க மட்டும் பயன்படுகிறது. ஆயினும் நாள்தோறும் காலையில், அக்கா தராசின் விசையை அழுத்தியதும், அம்மா தன் முந்தானையில் துடைத்த பித்தளைக் கல்லைக் கொண்டுவந்து தட்டில் வைப்பாள். சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்வரை நின்று பார்ப்பாள். நூறு என்று காட்டியதும் கல்லை எடுத்துக்கொள்வாள். அதன் பிறகே பொடி.